வாட்ஸ்அப் பிடிஎஃப் போதுமா? நூலக கேட்டலாக்கில் 'லிஸ்ட்' போட்டுப் பாடநூல்களை மாணவர்களிடம் சேர்ப்பது எப்படி?

கொல்கத்தாவின் கரியாஹாட் சந்திப்பு என்றதும் பலருக்கும் புடவைக் கடைகளும் நடைபாதை வியாபாரமும்தான் நினைவுக்கு வரும். ஆனால் தெற்கு கொல்கத்தாவின் படிப்பு வட்டாரமும் இதுதான். சந்திப்பை ஒட்டி ராஷ்பிஹாரி அவென்யூவில் பசந்தி தேவி கல்லூரி, கரியாஹாட் சாலையில் முரளிதர் பெண்கள் கல்லூரி இருக்கின்றன. வடக்கே கொஞ்ச தூரத்தில் கல்கத்தா பல்கலைக்கழகத்தின் பாலிகஞ்ச் வளாகம். தெற்கே கோல்பார்க்கில் ராமகிருஷ்ணா மிஷன் கலாசார நிறுவனம். அதையும் தாண்டிப் போனால் ஜாதவ்பூர் பல்கலைக்கழகம். மேற்கே அதே ராஷ்பிஹாரி அவென்யூவில், தமிழர்கள் தலைமுறைகளாக வாழ்ந்துவரும் லேக் மார்க்கெட்.

இந்த வட்டாரத்துக் கல்லூரிகளுக்கு பாருய்பூர், கேனிங், லட்சுமிகாந்தபூர் பக்கமிருந்து சியால்தா தெற்குப் பிரிவு லோக்கல் ரயிலில் வந்து பாலிகஞ்ச் நிலையத்தில் இறங்கும் மாணவர்கள் நிறைய. அப்படி ஒரு மாணவி என்று வைத்துக்கொள்வோம். செமஸ்டர் தொடங்கிய வாரத்தில் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு போட்டோ வருகிறது. படிக்க வேண்டிய பத்துப் பன்னிரண்டு புத்தகங்களின் பெயர்கள், டைப் அடித்து, கொஞ்சம் சாய்ந்து எடுக்கப்பட்ட படம். கூடவே இரண்டு பிடிஎஃப். அதில் ஒன்று பாதிப் பக்கங்கள் கறுத்துப்போன ஸ்கேன்.

அந்தப் போட்டோவை வைத்து அவரால் தெரிந்துகொள்ள முடியாதவை எவை என்று பாருங்கள். புத்தகம் எங்கள் காலேஜ் லைப்ரரியில் இருக்கா? இருந்தால் எத்தனை பிரதி? இப்போது அலமாரியில் இருக்கா, யாராவது எடுத்துட்டுப் போயிருக்காங்களா? எந்த அலமாரி? இத்தனைக்கும் பதில் தெரிய அவர் நேரில் போய் வரிசையில் நிற்க வேண்டும். 'இல்லைம்மா, வெளியே போயிருக்கு' என்ற பதிலோடு திரும்பி, அடுத்த லோக்கலைப் பிடிக்க ஓட வேண்டும்.

இந்தக் கேள்விகள் அனைத்துக்கும் பதில் ஏற்கெனவே ஓர் இடத்தில் பதிவாகி இருக்கிறது. அதுதான் நூலகத்தின் ஆன்லைன் கேட்டலாக். அந்தக் கேட்டலாக்குக்குள்ளேயே ஆசிரியர் ஒரு 'லிஸ்ட்' உருவாக்கி, அதன் லிங்க்கை மாணவர்களுக்கு அனுப்பும் வசதி பல நூலக மென்பொருள்களில் பல வருடங்களாகவே இருக்கிறது. தனியாகச் செலவு கிடையாது. பயன்படுத்துகிறவர்கள்தான் குறைவு.

கேட்டலாக் லிஸ்ட் என்றால் என்ன?

நூலகத்தின் புத்தக விவரங்களை இணையத்தில் தேட உதவும் பக்கத்தை 'ஓபேக்' என்பார்கள். உங்கள் கல்லூரி நூலக இணையப் பக்கத்தில் இந்த வார்த்தையைப் பார்த்திருப்பீர்கள். ஆன்லைன் ஷாப்பிங்கில் 'விஷ்லிஸ்ட்' இருக்கிறது அல்லவா, அதைப் போன்றதுதான் இதுவும். தேடிக் கிடைத்த புத்தகங்களை ஒரு பெயரின் கீழ் சேர்த்து வைக்கலாம். அதை உங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம், எல்லோரும் பார்க்கும்படியும் திறந்துவிடலாம்.

போட்டோவுக்கும் லிஸ்ட்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒன்றுதான், ஆனால் பெரியது. லிஸ்ட்டில் இருப்பது வெறும் புத்தகப் பெயர் இல்லை, நூலகப் பதிவேட்டோடு நேரடி இணைப்பு. காலையில் ஒருவர் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனால், அடுத்த நிமிடம் அதே லிஸ்ட்டைத் திறக்கும் இன்னொருவருக்கு 'வெளியே போயிருக்கிறது' என்று தெரியும். திரும்ப வேண்டிய தேதியும் பெரும்பாலும் தெரியும். ரயில் ஏறுவதற்கு முன்பே தெரியும் என்பதுதான் விஷயம்.

இந்தியக் கல்லூரிகளில் பரவலாக இருக்கும் 'கோஹா' மென்பொருளை வைத்து இதை விளக்குகிறேன். இன்ஃப்ளிப்நெட் உருவாக்கிய 'சோல்', தேசியத் தகவலியல் மையத்தின் 'இ-கிரந்தாலயா' ஆகியவையும் இங்கே புழக்கத்தில் உள்ளன. உங்கள் கல்லூரியில் எது இருக்கிறது என்பதை நூலகரிடம் கேட்டால் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார்.

கோஹாவின் கதையே சுவாரசியமானது. நியூசிலாந்தில் ஹோரோஹெனுவா என்ற சிறிய பகுதியின் நூலக அறக்கட்டளை, 2000-ஆம் ஆண்டு பிறந்தால் தங்கள் பழைய மென்பொருள் வேலை செய்யாது என்ற 'ஒய்டுகே' கவலையில் இருந்தது. புதிதாக வாங்கப் பணம் போதவில்லை. 1999-ல் கடிப்போ என்ற உள்ளூர் நிறுவனத்தைக் கொண்டு சொந்தமாகவே ஒரு மென்பொருளை எழுதி வாங்கி, 2000 ஜனவரியில் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். பிறகு யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று திறந்த மூல உரிமத்தில் வெளியிட்டுவிட்டார்கள். மாவோரி மொழியில் 'கோஹா' என்றால் அன்பளிப்பு. ஏறக்குறைய நம் ஊர் மொய் மாதிரி, வாங்கியவர் ஒருநாள் திருப்பிச் செய்வார் என்ற எதிர்பார்ப்பும் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

எப்படி உருவாக்குவது?

முதலில் நூலக உறுப்பினர் எண், கடவுச்சொல் கொண்டு ஓபேக்கில் லாகின் செய்ய வேண்டும். பல ஆசிரியர்கள் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். கடவுச்சொல் என்ற ஒன்று தங்களுக்குக் கொடுக்கப்பட்டதே தெரியாது. நூலகரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளலாம்.

புத்தகத்தைத் தேடுங்கள். முடிவுகளில் வேண்டியவற்றை டிக் செய்து, 'லிஸ்ட்டில் சேர்' என்பதை அழுத்தி, 'புதிய லிஸ்ட்' என்று கொடுத்து ஒரு பெயர் வையுங்கள். இரண்டு வகை கேட்கும்: தனிப்பட்டது, பொது. பொது என்று கொடுத்தால் அந்த லிஸ்ட்டின் முகவரியை யாருக்கும் அனுப்பலாம். மாணவர் லாகின் செய்யாமலே பார்க்க முடியும். தனிப்பட்டது என்று வைத்து, குறிப்பிட்ட சிலருக்கு மட்டும் மின்னஞ்சலில் அழைப்பு அனுப்பும் வசதியும் உண்டு. ஆனால் அதை நூலகம் இயக்கி வைத்திருக்க வேண்டும், பெறுபவரும் நூலகக் கணக்கு வைத்திருக்க வேண்டும், அந்த அழைப்புக்குக் காலக்கெடுவும் உண்டு. அறுபது பேர் வகுப்புக்கு இது சரிவராது. பொது லிஸ்ட்தான் வசதி.

லிஸ்ட்டில் யார் புத்தகம் சேர்க்கலாம், நீக்கலாம் என்றும் அமைக்கலாம். 'உரிமையாளர் மட்டும்' என்று வைப்பது நல்லது. 'பார்க்கும் எல்லோரும்' என்று விட்டால், தேர்வு நேரத்தில் யாரோ ஒருவர் விளையாட்டாகப் பாதியை அழித்துவிடலாம்.

பெயர் விஷயத்தில் ஒரு சின்ன அறிவுரை. 'ரீடிங் லிஸ்ட்', 'முக்கியமான புக்ஸ்' என்றெல்லாம் வைத்தால் பொது லிஸ்ட்களின் கூட்டத்தில் அது தொலைந்துபோகும். பாடக் குறியீடு, செமஸ்டர், வருடம் மூன்றையும் பெயரின் தொடக்கத்திலேயே போடுங்கள். அடுத்த வருடம் பழைய லிஸ்ட்டை எடுத்துத் திருத்தவும் அதுதான் உதவும்.

இன்னொரு குழப்பம்: ஓபேக்கில் 'கார்ட்' என்று ஒன்றும் இருக்கும். லாகின் இல்லாமலே வேலை செய்யும் என்பதால் அது சுலபமாகத் தெரியும். ஆனால் அது தற்காலிகம். பிரவுசரை மூடினால் போய்விடும். ஒரு மணி நேரம் உட்கார்ந்து சேர்த்த முப்பது புத்தகங்களைக் கார்ட்டில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள்.

தேடும் வேலையை ஆசிரியர் ஒருமுறை செய்தால் போதும்

வெறும் பெயரைக் கொடுத்தால் மாணவரே தேடிக்கொள்ள மாட்டாரா என்று கேட்கலாம். இந்திய மொழிப் புத்தகங்களைக் கேட்டலாக்கில் தேடிப் பார்த்தவர்களுக்கு அதன் கஷ்டம் தெரியும்.

'பதேர் பாஞ்சாலி' எழுதிய பிபூதிபூஷணின் குடும்பப் பெயரையே எடுத்துக்கொள்வோம். வங்காள எழுத்தில் ஒன்றுதான். ஆங்கில எழுத்தில் பந்த்யோபாத்யாய், பந்தோபாத்யாய், பானர்ஜி என்று பல வடிவங்களில் அச்சாகி வருகிறது. அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் முறையைப் பின்பற்றி யாராவது கேட்டலாக் செய்திருந்தால், எழுத்துகளுக்கு மேலும் கீழும் கோடும் புள்ளியும் சேர்ந்து, பெயரின் கடைசியில் கூடுதலாக ஓர் 'ஏ'-வும் வரும். நூலகர் வங்காள யூனிகோடில் பதிவு செய்திருந்தால் ஆங்கிலத்தில் எப்படித் தட்டினாலும் வராது. நமக்கும் இதே கதைதான். புதுமைப்பித்தன் என்று தேடுகிறவர் 'டிஎச்' போடுவார். அந்த அமெரிக்க முறையில் அங்கே வெறும் 'டி' மட்டும்தான் வரும். புத்தகம் அலமாரியில் இருக்கும், தேடல் முடிவில் 'எதுவும் இல்லை' என்று வரும். மாணவர் நம்பிவிடுவார்.

லிஸ்ட் இந்தச் சிக்கலை ஒரே அடியில் தாண்டுகிறது. ஆசிரியரோ நூலகரோ ஒருமுறை தேடிக் கண்டுபிடித்துச் சேர்த்துவிட்டால், அறுபது மாணவர்கள் அறுபது விதமாக எழுத்துக்கூட்டிப் பார்க்க வேண்டியதில்லை. 1892-ல் சீர்காழியில் பிறந்து, 1924-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரான எஸ்.ஆர். ரங்கநாதன், 1931-ல் வெளியிட்ட தன் ஐந்து விதிகளில் நான்காவதாகச் சொன்னது வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பதைத்தான். அவர் காலத்தில் அது அட்டைப் பெட்டியாக இருந்தது, இப்போது செல்போனில் ஒரு லிங்க்.

இரண்டு பிரதி, அறுபது மாணவர்கள்: கணக்கு என்ன சொல்கிறது?

டேட்டா ஆட்களுக்கு லிஸ்ட் பிடிக்க இன்னொரு காரணம் இருக்கிறது. அது பற்றாக்குறையை எண்ணிக் காட்டுகிறது.

ஒரு வகுப்பில் 60 பேர். முக்கியமான ஒரு புத்தகத்துக்கு நூலகத்தில் 2 பிரதிகள். ஒருவருக்கு 14 நாள் இரவல். செமஸ்டர் 16 வாரம். எல்லோரும் சரியான தேதிக்குத் திருப்பிக் கொடுத்தாலும் ஒரு பிரதி அதிகபட்சம் 8 பேர் கைக்குப் போகும். இரண்டு பிரதிகள் 16 பேருக்கு. மீதி 44 பேருக்குச் செமஸ்டர் முடியும்வரை அந்தப் புத்தகம் கிடைக்கவே கிடைக்காது. இந்த 44 பேரில் யார் இருப்பார்கள்? சொந்தமாக வாங்க முடிந்தவர்களுக்குப் பிரச்னை இல்லை. மதியமே கிளம்பி ரயிலைப் பிடிக்க வேண்டியவர், நூலகம் திறந்த முதல் நாளே ஓடிப்போய் எடுக்க முடியாதவர், அவர்கள்தான்.

இப்போது விதியை மட்டும் மாற்றிப் பாருங்கள். அந்த 2 பிரதிகளையும் வீட்டுக்குக் கொடுக்காமல், நூலகத்திலேயே 2 மணி நேரம் படிக்கக் கொடுக்கிறார்கள். காலை 10 முதல் மாலை 4 வரை ஒரு பிரதிக்கு மூன்று பேர். இரண்டு பிரதிக்கு ஒரு நாளில் ஆறு பேர். 10 வேலை நாட்களில் 60 பேரும் ஒருமுறை பார்த்துவிடலாம். மூன்றாவது பிரதி வாங்கினால் பழைய இரவல் முறையில் கூடுதலாக 8 பேருக்குத்தான் பலன். விதியை மாற்றினால் மொத்த வகுப்புக்கும் பலன். இது கற்பனைக் கணக்குதான். ஆனால் உங்கள் கல்லூரியின் எண்களைப் போட்டுப் பாருங்கள், பெரிதாக மாறாது.

இந்த ஏற்பாட்டுக்கு நூலகத் துறையில் 'ரிசர்வ்' என்று பெயர். கோஹாவில் இதற்கென்றே 'கோர்ஸ் ரிசர்வ்ஸ்' என்று தனிப் பிரிவு இருக்கிறது. அதை ஆசிரியர் தானாகச் செய்ய முடியாது. நூலக ஊழியர்தான் பாடத்தின் பெயர், ஆசிரியர், செமஸ்டர் எல்லாம் கொடுத்து அமைக்க வேண்டும். அதில் சேர்க்கப்படும் பிரதிகளுக்குச் செமஸ்டர் முடியும்வரை தனி இரவல் விதி, தனி அலமாரி என்று மாற்றிவைக்கலாம். முடிந்ததும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

லிஸ்ட்டுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்றால், லிஸ்ட்தான் முதல் படி. ஒரு துறையின் எல்லாப் பாடங்களுக்கும் லிஸ்ட் தயாராக இருந்தால், எந்தப் புத்தகம் மூன்று பாடங்களில் வருகிறது, எதற்கு ஒரே பிரதி, எது கேட்டலாக்கிலேயே இல்லை என்பதெல்லாம் தானாகத் தெரிந்துவிடும். கோஹா லிஸ்ட்டை விரிதாளில் திறக்கும் வடிவத்தில் இறக்கிக்கொள்ளவும் முடியும். நூலகக் குழுக் கூட்டத்தில் 'புத்தகம் போதவில்லை' என்று சொல்வதற்கும், 'இந்த 12 தலைப்புகளுக்குத் தலா ஒரு பிரதிதான் இருக்கு, மாணவர்கள் 180 பேர்' என்று ஒரு தாளை நீட்டுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. இல்லாத புத்தகத்துக்கு ஓபேக்கிலேயே கொள்முதல் பரிந்துரை கொடுக்கலாம். மாணவர்களும் கொடுக்கலாம். அந்தப் பொத்தானை நூலகம் இயக்கியிருந்தால்.

பிடிஎஃப் அனுப்புவதில் என்ன தவறு?

எல்லாப் பிடிஎஃப்-பும் தவறில்லை. இதில் ஒரு முக்கியமான தீர்ப்பு இருக்கிறது.

டெல்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் வளாகத்தில் இருந்த ராமேஸ்வரி என்ற ஜெராக்ஸ் கடை, ஆசிரியர்கள் தேர்ந்தெடுத்த அத்தியாயங்களைத் தொகுத்து மாணவர்களுக்கு விற்றுவந்தது. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் ஃபிரான்சிஸ் ஆகிய மூன்று பதிப்பகங்கள் 2012-ல் அந்தக் கடை மீதும் டெல்லி பல்கலைக்கழகத்தின் மீதும் வழக்குப் போட்டன. 2016 செப்டம்பர் 16-ல் டெல்லி உயர் நீதிமன்ற நீதிபதி ராஜீவ் சஹாய் எண்ட்லா வழக்கைத் தள்ளுபடி செய்தார். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவு, கற்பித்தலின் போக்கில் ஆசிரியரோ மாணவரோ செய்யும் நகலெடுப்புக்கு விலக்கு தருகிறது என்பதுதான் அடிப்படை. மேல்முறையீட்டில் அதே ஆண்டு டிசம்பரில் இரு நீதிபதிகள் அமர்வும் அந்தக் கொள்கையை ஏற்றுக்கொண்டது. ஆனால் நகலெடுக்கப்பட்டவை கற்பித்தலுக்கு அவசியமானவைதானா என்பதை விசாரிக்கச் சொல்லி வழக்கைத் திருப்பி அனுப்பியது. 2017 மார்ச்சில் பதிப்பகங்கள் வழக்கையே வாபஸ் வாங்கிக்கொண்டன.

அதாவது, பாடத்துக்குத் தேவையான அத்தியாயத்தைப் பகிர ஆசிரியருக்குச் சட்டத்தில் நியாயமான இடம் இருக்கிறது. எங்கோ கள்ளத்தனமாக ஏற்றப்பட்ட முழுப் புத்தகத்தை அனுப்புவது வேறு விஷயம். கேட்டலாக் லிஸ்ட்டில் இந்தக் கேள்வியே எழாது. நீங்கள் பகிர்வது கோப்பு இல்லை, இருக்கும் இடம் மட்டும்.

என் பார்வையில் சட்டத்தைவிடப் பெரிய பிரச்னை வேறு. பிடிஎஃப் மட்டுமே பழகிய மாணவருக்கு அந்த அத்தியாயத்துக்கு முன்னும் பின்னும் என்ன இருக்கிறது என்று தெரிவதில்லை. அலமாரிக்குப் போகிறவருக்குப் பக்கத்துப் புத்தகமும் கண்ணில் படும். நூலகத்துக்கும் நஷ்டம்தான். யாரும் எடுக்காத புத்தகத்துக்கு அடுத்த வருடம் யார் பணம் ஒதுக்குவார்கள்?

லிஸ்ட்டால் செய்ய முடியாதவை

கேட்டலாக்கில் பதிவு இருப்பதை மட்டுமே லிஸ்ட்டில் சேர்க்க முடியும். ஆய்விதழ்களில் வரும் தனித்தனிக் கட்டுரைகள் பெரும்பாலும் கேட்டலாக்கில் இருக்காது. மத்திய அரசின் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் 2025 ஜனவரி முதல் மத்திய, மாநில அரசுக் கல்வி நிறுவனங்களுக்கு, 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்களைத் திறந்துவிட்டிருக்கிறது. மூன்று வருடத்துக்கு 6,000 கோடி ரூபாய். உங்கள் நிறுவனம் அதில் வருகிறது என்றால் அந்தக் கட்டுரைகளின் லிங்க்கைத் தனியாகத்தான் கொடுக்க வேண்டும்.

'மூன்றாம் அத்தியாயம் மட்டும் படித்தால் போதும்' என்று ஒவ்வொரு புத்தகத்துக்கும் பக்கத்தில் குறிப்பு எழுதவும் கோஹா லிஸ்ட்டில் இடமில்லை. கோர்ஸ் ரிசர்வ்ஸில் அந்த வசதி உண்டு. பிரிட்டனில் பல பல்கலைக்கழகங்கள் 'டாலிஸ் ஆஸ்பயர்' போன்ற தனி மென்பொருள்களைக் காசு கொடுத்து வாங்குவது இதற்காகத்தான். வாரம் வாரியாகப் பிரித்து, கட்டாயம், விருப்பம் என்று அடையாளமிட்டு, கட்டுரை, வீடியோ எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் தருவார்கள். நம் கல்லூரிகளுக்கு அந்தச் செலவு தேவையில்லை. ஒரு பக்கக் குறிப்பில் வாரம் வாரியாக என்ன படிக்க வேண்டும் என்று எழுதி, மேலே லிஸ்ட்டின் லிங்க்கைப் போட்டால் வேலை முடிந்தது. ஸோட்டெரோ பழகிய முதுநிலை மாணவர்கள் லிஸ்ட்டை 'ரிஸ்' வடிவில் இறக்கி நேராக அதில் ஏற்றிக்கொள்ளலாம்.

எங்கே சறுக்கும்?

அதிகம் சறுக்குவது லிங்க்தான். சில கல்லூரிகளில் ஓபேக் வளாகத்து நெட்வொர்க்கில் மட்டுமே திறக்கும். ஆசிரியர் ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து சோதித்தால் அழகாக வேலை செய்யும். சோனார்பூரில் இருக்கும் மாணவிக்குச் சுற்றிக்கொண்டே இருக்கும். அனுப்புவதற்கு முன் வைஃபையை அணைத்துவிட்டு, செல்போன் டேட்டாவில், லாகின் செய்யாமல் ஒருமுறை திறந்து பாருங்கள். திறக்கவில்லை என்றால் ஓபேக்கை வெளியே திறந்துவிடும்படி நூலகரும் துறைத் தலைவரும் சேர்ந்து எழுதிக் கேட்பதுதான் வழி.

அடுத்தது, லிஸ்ட் யாருடைய கணக்கில் இருக்கிறது என்பது. அதை உருவாக்கியவர் வேறு கல்லூரிக்கு மாறி, அவருடைய நூலகக் கணக்கு நீக்கப்பட்டால், நூலகத்தின் அமைப்பைப் பொறுத்து லிஸ்ட்டும் சேர்ந்து மறைந்துவிடலாம். கெளரவ விரிவுரையாளர்களை நம்பி ஓடும் துறைகளில் இது சின்ன விஷயமில்லை. துறையின் பெயரில் ஒரு நூலகக் கணக்கு கேட்டு வாங்கி, லிஸ்ட்களை அதில் வைப்பது பாதுகாப்பு.

பதிப்பு வேறுபாட்டையும் கவனியுங்கள். ஒரே புத்தகத்தின் 1985 பதிப்பும் 2015 பதிப்பும் கேட்டலாக்கில் தனித்தனிப் பதிவுகளாக இருக்கும். வகுப்பில் பக்க எண் சொல்லிப் பாடம் நடத்துகிறவர் தவறான பதிப்பைச் சேர்த்துவிட்டால் ஒரு செமஸ்டர் முழுக்கப் பக்கம் தேடுவதிலேயே போய்விடும். இரண்டையும் சேர்த்துவிட்டு, எது வகுப்பில் பயன்படும் என்று குறிப்பில் சொல்லிவிடலாம்.

கல்லூரி நூலகத்தில் இல்லை என்றால்?

கரியாஹாட்காரர்களுக்கு இதில் கொஞ்சம் அதிர்ஷ்டம் உண்டு. கோல்பார்க் ராமகிருஷ்ணா மிஷன் கலாசார நிறுவனம் 1938-ல் தொடங்கி, 1961-ல் இப்போதைய கட்டடத்துக்கு வந்தது. அங்குள்ள நூலகத்தில் 2 லட்சத்துக்கும் அதிகமான புத்தகங்கள் இருக்கின்றன, உறுப்பினராகச் சேர்ந்து பயன்படுத்தலாம். அலிப்பூரில் இருக்கும் தேசிய நூலகத்துக்கு, 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி நாட்டில் வெளியாகும் ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு பிரதி வந்துசேர வேண்டும். தமிழுக்குத் தனிப் பிரிவும் அங்கே உண்டு. சென்னை கன்னிமாரா நூலகமும் அதே சட்டத்தில்தான் வருகிறது. பழைய வங்காளப் புத்தகங்களுக்கு மேற்கு வங்கப் பொது நூலக வலையமைப்பின் ஸ்கேன் தொகுப்பு இணையத்திலேயே கிடைக்கிறது. ஐஐடி கரக்பூர் உருவாக்கி, 2018 ஜூன் 19-ல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட தேசிய டிஜிட்டல் நூலகத்தில் பல மொழிகளிலும் தேடலாம்.

'வேர்ல்ட்கேட்' தளத்திலும் லிஸ்ட் போடலாம். பல நாட்டு நூலகங்களின் கேட்டலாக்குகள் ஒன்றாகச் சேர்ந்த இடம் அது. வெளிநாட்டில் படிக்கும் தமிழ் மாணவர்களுக்கு அருமையான வசதி. ஆனால் இந்தியக் கல்லூரி நூலகங்கள் அதில் குறைவாகவே இருப்பதால், பக்கத்துத் தெருவில் இருக்கும் புத்தகத்தை ஏதோ ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் இருப்பதாகக் காட்டும். நமக்கு இன்ஃப்ளிப்நெட்டின் 'இன்ட்கேட்' இருக்கிறது. இந்தியப் பல்கலைக்கழகங்களில் எந்தப் புத்தகம் எங்கே என்று பார்க்க அது உதவும்.

ஆசிரியர் இதையெல்லாம் தன் ஒரு பக்கக் குறிப்பின் அடியில் இரண்டு வரியாகப் போட்டுவிடலாம்: 'நம்ம லைப்ரரியில் பிரதி இல்லாதவை இவை, கோல்பார்க்கில் இருப்பவை இவை' என்று. ஒருமுறை தேடிப் பார்த்து எழுத அரை நாள் ஆகும்.

கோல்பார்க் என்றதும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ராமகிருஷ்ணா மிஷனை ஒட்டிய நடைபாதையில் பழைய புத்தகக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. காலேஜ் ஸ்ட்ரீட் அளவுக்குப் பெரிதில்லை. ஆனால் அங்கே போக வேண்டுமென்றால் நகரத்தின் மறுபாதிக்குப் பயணப்பட வேண்டும், இங்கே வகுப்பு முடிந்து நடந்தே வரலாம். பேர் மட்டும் சொல்லிக் கேட்டால் கடைக்காரர் அதே பெயரில் மூன்று புத்தகத்தை எடுத்துக் காட்டுவார். போனில் லிஸ்ட்டைத் திறந்து ஆசிரியர், பதிப்பு, ஐஎஸ்பிஎன் மூன்றையும் காட்டிக் கேளுங்கள். விலை பேசுவது உங்கள் சாமர்த்தியம்.